எனக்குச் சிரிப்பு வந்தது

சிரிப்பு தொற்றிக்கொள்ளும் என்பதை ஒரு பேச்சு வழக்காகவே எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம். 1962-ல் டாங்கனிகாவில் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) அது மருத்துவர்கள் வந்து பார்க்க வேண்டிய விஷயமாக இருந்தது. விக்டோரியா ஏரியின் மேற்குப் பக்கம், புகோபாவுக்கு அருகே கஷாஷா என்ற கிராமம். அங்கே மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் ஜனவரி 30-ந் தேதி மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். மார்ச் 18-ந் தேதி பள்ளியை மூட நேர்ந்தபோது 159 பேரில் 95 பேரை அது பிடித்திருந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களோடு அது ஊர்களுக்கும் போயிற்று. ந்ஷாம்பா என்ற இடத்தில் மட்டும் 217 பேர். பரிசோதனைகளில் விஷமோ கிருமியோ அகப்படவில்லை.

ராங்கின், பிலிப் என்ற இரு மருத்துவர்கள் 1963-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பின்னால் பத்திரிகைகளின் துணுக்குப் பகுதிக்கு இது வேடிக்கைச் செய்தியாகிவிட்டது. நடந்ததில் வேடிக்கை ஏதுமில்லை. சிரிப்போடு அழுகையும் இருந்தது, பயமும் இருந்தது. பிடித்து நிறுத்தப் போனவர்களை அந்தப் பெண்கள் அடித்தார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது இன்னொரு விவரம். பள்ளியின் ஆசிரியர்களில் ஒருவரைக்கூட அது தொற்றவில்லை. அதே வளாகம், அதே காற்று. அம்மையாக இருந்தால் வாத்தியார் என்று பார்த்து விலகியிருக்காது.

ஆக, இந்தத் தொற்று ஆள் பார்க்கிறது. ஹென்றி பெர்க்ஸன் சிரிப்பைப் பற்றி 1900-ல் வெளியிட்ட நூலில் ஒரு கதை சொல்கிறார். பிரசங்கம் கேட்டு எல்லோரும் அழ, ஒருவன் மட்டும் சும்மா இருக்கிறான். ஏன் என்று கேட்டால், தான் அந்தப் பங்கைச் சேர்ந்தவன் அல்ல என்கிறான். அழுகையைவிடச் சிரிப்புக்கே இது அதிகம் பொருந்தும் என்பது பெர்க்ஸனின் கட்சி. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன் பொது இடங்களில் சுமார் 1200 சிரிப்புகளைக் கவனித்து 1993-ல் எழுதியது இதற்கு அனுசரணையாக இருக்கிறது. ஹாஸ்யம் என்று சொல்லத்தக்க ஏதேனும் ஒன்றுக்குப் பின் வந்த சிரிப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மனிதர்கள் பெரும்பாலும் விஷயத்துக்குச் சிரிப்பதில்லை. ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் அறம் சார்ந்த சிக்கல் தொடங்குகிறது. ஒருவனை எள்ளிக் கூட்டம் சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு பொறுப்பு? தமிழ் இதற்கு இரண்டு வாக்கியங்கள் வைத்திருக்கிறது. 'எனக்குச் சிரிப்பு வந்தது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லலாம். 'நான் சிரித்தேன்' என்று எழுவாயாகவும் சொல்லலாம். முதல் வாக்கியத்தில் சிரிப்பு, காய்ச்சல் மாதிரி, தூக்கம் மாதிரி, எங்கிருந்தோ வந்து சேர்கிறது. யாருக்கும் திருட்டு 'வருவதில்லை', திருடத்தான் செய்கிறார்கள். சிரிப்பு இரண்டு விதமாகவும் நேரக்கூடியது என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

என்னோடு கௌண்டரில் வேலை பார்த்த நண்பருக்குத் திக்குவாய். ஒருமுறை சேர்ந்து சினிமாவுக்குப் போயிருந்தோம். படத்தில் திக்கிப் பேசும் வேலைக்காரன் வந்தான். வாயைத் திறந்ததுமே தியேட்டர் அதிர்ந்தது. நண்பரும் சிரித்தார். மரியாதைக்காக அல்ல; உடம்பு குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெர்க்ஸனின் கணக்குப்படி அவர் அந்தப் பங்கைச் சேர்ந்தவரல்ல. சிரிப்பின் எல்லைக்கோடு அவருக்கு வெளியேதான் போடப்பட்டிருந்தது. ஆனாலும் தொற்று கோட்டைத் தாண்டிவிட்டது. அல்லது, அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவரைப் பங்கில் சேர்த்துக்கொண்டு, அவரையே அவருக்கு அந்நியனாக்கிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இந்த மாதிரிச் சமயங்களில் நம்மிடம் தயாராக ஒரு வாதம் இருக்கிறது: 'அவனே சிரிக்கிறானே, உனக்கென்ன?' ஆபீசில் கடைநிலை ஊழியரை மேலதிகாரி கிண்டல் செய்யும்போதும், கல்யாண வீட்டில் கறுத்த பெண்ணை மாமன்மார் சீண்டும்போதும் இதே வாதம்தான். இது செல்லாது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. தொற்று என்ற உண்மையே போதும். தொற்றி வந்த சிரிப்பு ஓர் அபிப்பிராயம் அல்ல. அதனால் முதல் கணத்தில் சிரித்துவிட்ட கூட்டத்தைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். அதே காரணத்தால், கேலிக்கு ஆளானவனின் சிரிப்பைச் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கூட்டத்துக்கு மன்னிப்பு வாங்கித் தரும் வாதம் இவனுடைய சம்மதத்தையும் ரத்து செய்துவிடுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

வியாபாரிகளுக்கு இது முன்பே தெரியும். சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் 1950-களில் ஒரு பெட்டி செய்தார். விசையை அழுத்தினால் நாடாவில் பதிந்த சிரிப்பு வேண்டிய அளவில் வரும். என்றோ எதற்கோ சிரித்தவர்களின் குரல் தொலைக்காட்சித் தொடர்களில் வேறெதற்கோ ஒலித்தது. வீட்டிலிருந்தவர்கள் கூடவே சிரித்தார்கள். 'அரங்கமே அதிர்ந்தது' என்பதை ஒரு நாடகத்துக்கான விமர்சனமாக எழுதுகிறவர்கள் இந்தப் பெட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சிரிக்காமல் இருப்பதில் தனிப் புண்ணியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கஷாஷாவின் ஆசிரியர்கள் அந்தப் பெண்களைவிட உயர்ந்தவர்கள் என்பதால் தப்பவில்லை. வேறு பங்கைச் சேர்ந்தவர்கள், அவ்வளவுதான். உம்மென்று இருப்பவர்களிலும் கொடியவர்கள் உண்டு. வந்த சிரிப்பு வரட்டும். அது அடங்கும்போது ஒரு கணம் கிடைக்கிறது. அதில் 'வந்தது' என்பதோடு விடுவதா, இனி 'சிரிக்கிறேன்' என்று தொடர்வதா என்பது என் கையில் இருக்கிறது. வேலைக்காரன் இரண்டாம் முறை வாயைத் திறக்கும்போது சிரிக்கிறவன் எழுவாயாகிவிடுகிறான். அதற்குப் பிறகு பக்கத்து ஸீட்டுக்காரனும் சிரித்தான் என்பது யாருக்கும் சாட்சியாகாது.