முத்திரையும் நிய்யத்தும்

ஜப்பானின் அரித்தா நகரில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பெற்ற பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பார்க்கிறோம். ‘மாபெரும் மிங் அரசின் செங்குவா ஆண்டுகளில் செய்தது’ என்று ஆறு சீன எழுத்துகள் காணப்படுகின்றன. செங்குவா ஆண்டுகளோ 1465 முதல் 1487 வரை. ஜப்பானியர் பீங்கான் செய்யத் தொடங்கியதே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவ்வாறாயின் இம்முத்திரை பொய்யா?

செய்தவனை வஞ்சகன் என்று தீர்ப்பளிக்க நாம் விரையலாகாது. பிற்காலச் சீனரே அம்முத்திரையைத் தம் கலங்களில் பொறித்தனர். பழங்கலைக்கு அவர்கள் செய்த மரியாதை அது. விலைமதிப்பு உயரும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கலாம். உள்ளத்தை இறைவனே அறிவான். ஆதலின் அறிந்தோர் முத்திரையை மட்டும் நம்பார். களிமண்ணையும், மெருகையும், சூளையில் தாங்கிய முட்டுகள் அடிப்புறத்தில் விட்ட தழும்புகளையும் ஆராய்ந்தே காலத்தைக் கணிப்பர்.

இன்று அத்தட்டை விற்பவர் உண்மையை அறிந்திருந்தும், எழுத்தைக் காட்டிவிட்டு மௌனமாய் நின்றால்? அவர் நா பொய்யுரைக்கவில்லை. ஆயினும் சரக்கின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் மோசடி என்றே கொள்கிறது. எழுத்து மாறவில்லை, அதைக் காட்டுபவரின் நிய்யத்தே மாறியது. விற்கும் பொருளைப் பற்றி நாம் அறிந்ததை வாங்குபவருக்கு அறிவித்துவிடுவதே ஹலாலான வணிகம்.