புள்ளி சேர்ந்தால் போதுமா?

புள்ளிக்குப் புள்ளி சேர்ந்துவிட்டது, கவரை மூடிவிடலாம் என்கிறாய்.

மூடாதே!

நங்கநல்லூர்ச் சந்தில் உன் ஷெட். ரேஸுக்கென்று நீ கட்டும் இன்ஜின். பணம் சேர்த்துச் சேர்த்து வாங்கிய பர்ஃபார்மன்ஸ் கேம்ஷாஃப்ட். அத்தனையையும் ஸ்ப்ராக்கெட்டில் குத்திய ஒரு டைமிங் புள்ளியை நம்பி விடப்போகிறாயா?

அந்தப் புள்ளியை வைத்தது யார்? கம்பெனி. எந்த இன்ஜினுக்கு? புதுச் செயினும், கைபடாத ஹெட்டும், ஒரிஜினல் கேமும் உள்ள இன்ஜினுக்கு!

உன்னுடையது அதுவா? கம்ப்ரஷன் ஏற வேண்டுமென்று ஹெட்டைச் சீவினாய். ஹெட் இறங்கியது. செயினில் தொய்வு விழுந்தது. டென்ஷனர் அதை இழுத்துக்கொண்டதும் கேம் பின்தங்கியது. புள்ளிக்கு இது எதுவும் தெரியாது.

உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அளக்கவில்லை?

"டிகிரி வீல் இல்லண்ணே." அது 360 டிகிரி குறித்த ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான்! கெட்டி அட்டையில் அச்செடுத்து ஒட்டினாலும் வேலை நடக்கும். டயல் கேஜ் இல்லையா? கிண்டி தொழிற்பேட்டை எத்தனை தூரம்? போய்க் கேள். கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

கருவி ஒரு சாக்கு. உன்னைத் தடுப்பது பயம்.

அளந்தால் தப்பு தெரிந்துவிடும். தெரிந்தால் பிரிக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து! அதற்குத்தானே நடுங்குகிறாய்?

நடுங்கிக்கொண்டே தொடங்கு. கை தானாக நிலைக்கும்.

முதலில் நிஜமான டாப் டெட் சென்டரைக் கண்டுபிடி. கண்ணால் பார்த்துச் சொல்லாதே! மேலே வந்த பிஸ்டன் சில டிகிரி வரை அசையாததுபோலவே நிற்கும், ஏமாந்துவிடுவாய். பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டு. கிராங்க்கைக் கையால் சுற்று. செல்ஃப் மோட்டாரைத் தொடவே தொடாதே. ஒரு பக்கம் முட்டும்போது 34, மறுபக்கம் 30 என்று வருகிறதா? இரண்டு பக்கமும் 32 காட்டும்படி வீலை நகர்த்து. இப்போதுதான் உன் பூஜ்யம் உண்மையான பூஜ்யம்.

அடுத்து டயல் கேஜ். இன்டேக் வால்வு முழு லிஃப்டில் இருக்கும் இடத்தில் பூஜ்யம் வை. அதற்கு ஐம்பது தௌ முன்னால், அதாவது 1.27 மி.மீ. முன்னால், வீல் என்ன காட்டுகிறது? 72. தாண்டி ஐம்பது தௌ இறங்கியதும்? 148. கூட்டிப் பாதியாக்கு. 110.

கேமோடு வந்த கார்டு என்ன கேட்கிறது? 108!

"ரெண்டு டிகிரிதானே" என்று உதட்டைப் பிதுக்காதே. கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை குறையும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ரைடர் த்ராட்டிலைத் திருகுவான், வண்டி யோசிக்கும். அவன் யாரைத் திட்டுவான்?

ஒரு பல் தள்ளி மாட்டினால் சரியாகுமா? 36 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கிராங்க் கணக்கில் 20 டிகிரி! குறுக்குவழி கிடையாது. நீள்துளை போட்ட ஸ்ப்ராக்கெட்டை வாங்கு. 2 டிகிரி முன்னே தள்ளு. இறுக்கு. மறுபடி அள. ஓடும் திசையிலேயே சுற்று. திருப்பிச் சுற்றினால் செயின் தளர்ந்து பொய் சொல்லும். தாண்டிவிட்டாயா? நன்றாகப் பின்னால் போய், மீண்டும் முன்னோக்கி வா.

அலுப்பாக இருக்கிறதா? இருக்கட்டும்!

கேமை முன்னே தள்ளினால் இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்துப் பார். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும் என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. இதைத் தவிர்த்தால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும், சேர்த்த காசு முழுக்கச் சிதறும்.

"ரேஸ் இன்ஜினெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலை" என்கிறாயா? எந்த ஊரில் நின்று சொல்கிறாய்!

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. டிராக் இருந்ததா? இல்லை. சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடந்தது. அதிலேயே ஓட்டினார்கள்! 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக்கே வந்துவிட்டது. 2005-ல் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். 2010-ல் நம் சென்னையின் கருண் சந்தோக்! வசதி வரட்டும் என்று அந்த முதல் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

அவர்களுக்கு ஓடுதளம் கிடைத்தது. உனக்கு ஷெட் இருக்கிறது, கை இருக்கிறது.

முதல் முறை எண் தப்பாகத்தான் வரும். வரட்டும்! தப்பு எத்தனை டிகிரி என்று சொல்லத் தெரிந்தவன் அதைத் திருத்தவும் செய்வான். நீ அந்த ஆளாக முடியும். இன்றே முடியும்.

கவரை ஓரமாய் வை தம்பி. வீலை மாட்டு. வந்த எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுது!