சாவடிப் பொறுப்பாளரின் கேள்வி

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைச் சமாரியர் சாவடிக்குக் கொணர்ந்தார். பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் தந்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வருகையில் தருவதாகவும் சொன்னார். இரக்கத்தைப் போதித்த இயேசு அதன் செலவை மறைக்கவில்லை.

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியே செல்லும் தென்காசிச் சாலையும் நமக்கு ஓர் எரிகோ சாலையே. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டப்படி, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் மட்டும், வரையறுத்த தொகைக்குள் என்பதும் அத்திட்டமே. முன்னதை மட்டும் சொல்பவர் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் கேட்பவர் ஏமாறுகிறார்.

சட்டம் பற்றிய வாதங்களில் இப்பாதி உண்மை இன்னும் பெருகுகிறது. 2023 மார்ச்சில் இராஜஸ்தான் நிறைவேற்றிய நலவாழ்வு உரிமைச் சட்டம், அவசர நிலையில் வருபவருக்கு முன்பணமின்றிச் சிகிச்சை தரவேண்டும் என்றது. அவர் செலுத்தாவிடில் அரசு ஈடுசெய்யும் என்றது. தனியார் மருத்துவர்கள் இரு வாரங்கள் போராடினர். ஏழையின் பகைவர் என அவர்களைச் சாடுவது எளிது. மருத்துவத்தையே அழிக்கும் சட்டம் எனத் தூற்றுவதும் எளிது. எது அவசரம், பணம் எப்போது வரும் என்பவை நேரிய கேள்விகள். அவசரச் சிகிச்சை மருத்துவரின் கடமை என உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்ததும் உண்மை.

எட்டாம் கட்டளை பொய்யை மட்டுமன்று, பிறர் நோக்கத்தை ஆதாரமின்றித் தீதெனக் கொள்வதையும் விலக்குகிறது. எனவே எச்சட்டத்தையும் வாழ்த்துமுன்னும் வைதிடுமுன்னும் நாம் கேட்போம்: அதன் வாசகம் என்ன? யாருக்குப் பொருந்தும்? செலவை யார், எப்போது தருவர்? சாவடிப் பொறுப்பாளர் இதைக் கேட்பது கல்நெஞ்சமன்று; அடுத்துக் காயப்பட்டு வருபவருக்கும் அவர் கதவு திறந்திருக்க அதுவே வழி.