சானலுக்கு வரிசை தெரியாது

பழைய படம் போடும் சானல்களுக்கு வருஷ வரிசை கிடையாது. ஒரு மதியம் 'புதிய பறவை' (1964). சௌகார் ஜானகி சிவாஜியின் மனைவி. மறுநாள் 'தில்லு முல்லு' (1981). ரஜினிகாந்துக்குப் பொய்யாக அம்மா வேஷம் போடும் பணக்கார வீட்டுப் பெண்மணி. ஞாயிறன்று 'பிஸ்கோத்' (2020), சந்தானம் படத்தில் கதை சொல்லும் பாட்டி. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் காபியோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஜானகியின் வயது முன்னும் பின்னும் போய் வருகிறது. முகம் மாறினாலும் குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

*

குரல்தான் முதலில் வந்தது. ராஜமுந்திரியில் 1931இல் பிறந்தவர், சென்னை வானொலியில் பேசியவர். எல்.வி. பிரசாத்தின் 'ஷாவுகாரு' படத்தில் என்.டி. ராமராவோடு நடிக்க வந்தபோது கையில் குழந்தை இருந்தது. 1950. கல்யாணமாகிக் குழந்தை பெற்றவள் கதாநாயகியா என்று கேட்கிற காலம். படத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை இறங்கவில்லை.

*

அழுகிற வேஷங்கள் நிறையவே வந்தன. நன்றாகத்தான் அழுதார். ஆனால் எனக்குப் பிடித்தது 'இரு கோடுகள்' (1969) கலெக்டர். என்றோ பிரிந்துபோன கணவன் ஜெமினி கணேசன் அவர் ஆபீஸிலேயே குமாஸ்தா. அழ அத்தனை காரணம் இருந்தும் குரலைத் தாழ்த்தி, கோப்பைப் பார்த்துப் பேசுகிறார். அடக்கினதெல்லாம் நமக்குக் கேட்கிறது. வானொலியில் பழகியவருக்குத்தான் இது வரும் என்று தோன்றுகிறது.

*

அடுத்த வருஷம் சொந்தக் காசைப் போட்டு 'காவியத் தலைவி' எடுத்தார். தாயும் அவரே, மகளும் அவரே. சினிமா நடிகைகளைச் சீக்கிரம் அம்மாவாக்கிவிடும். இவர் இரண்டையும் ஒரே படத்தில் தானே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் பிடிவாதக்காரர்தான்.

*

'எதிர்நீச்சல்' (1968). ஒண்டுக்குடித்தன வீடு, மாடிப்படி மாதுவாக நாகேஷ், கிட்டு மாமாவாக ஸ்ரீகாந்த், பட்டு மாமியாக இவர். அம்புஜம் பாட்டில் கணவரைச் சீண்டுகிற அந்த முகவெட்டும் இழுப்பும் மாட வீதிப் பக்கத்தில் இன்னும் நடமாடுகின்றன. தாய்மொழி தெலுங்கு என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். அக்கம்பக்கத்து மாமிகளை உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். காது இல்லாமல் இந்த நாக்கு வராது.

கலெக்டரும் மாமியும் ஒரே இயக்குநர் கொடுத்தவை. கண்ணீரைத் தாண்டி இவரிடம் என்ன இருக்கிறது என்று பாலசந்தர் பார்த்துவிட்டார். நாடக மேடையிலிருந்து வந்தவர், வசனத்தின் நேரக்கணக்கு அறிந்தவர். 'எதிர்நீச்ச'லுக்குப் பதினாறு வருஷம் முன்பே தமிழுக்கு 'வளையாபதி'யில் வந்துவிட்டவரிடம் 'தில்லு முல்லு'வரை அவர் புதிதாக ஏதோ கண்டுகொண்டே இருந்தார்.

*

2022இல் பத்மஸ்ரீ. முதல் படம் வந்து 72 வருஷம் கழித்து. தில்லிக்கு விஷயம் மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பட்டு மாமியாக இருந்தால் கிட்டு மாமாவை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.