திரும்பி வரும் படையும், விட்டு வரும் மக்களும்

 

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! சிப்காட்டில் ஷிஃப்ட் மாற முடியாமல் ஜும்ஆவைத் தவறவிட்டு, இதைப் போனில் படிக்கும் சகோதரர்களே!

போன வாரம் தொழுகைக்குப் பின் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். இலங்கையில், திரிகோணமலையில் பணி செய்தவர். "ஹஜ்ரத், நாங்க கிளம்புறப்போ பழக்கமான கடைக்காரர் ஒருத்தர், 'நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு?'ன்னு கேட்டார். பதில் சொல்லாம வந்துட்டேன். அல்லாஹ் கேட்பானா?" என்றார். எனக்கும் உடனே பதில் வரவில்லை.

இளைஞர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அந்த மாதமே யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் கொல்லப்பட்டார்கள். நம் வீரர்களிலும் ஏறக்குறைய 1,200 பேர் உயிரிழந்தார்கள். 1989 ஜூனில் அதிபர் பிரேமதாசா, ஜூலை முடிவதற்குள் படை வெளியேற வேண்டும் என்றார். அந்தக் கெடுவை டெல்லி ஏற்கவில்லை. பிறகு டிசம்பர் 31 என்று பேசினார்கள். அதுவும் தாண்டி, 1990 மார்ச் 24 அன்றுதான் கடைசி அணி திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டது.

இத்தனை மாதமும் தேதியைப் பற்றித்தான் வாக்குவாதம்.

கண்ணியமானவர்களே! ஹிஜ்ரி 8-ல் தாயிஃப் முற்றுகையிலும் இதே விவாதம் எழுந்தது. கோட்டை விழவில்லை. நவ்ஃபல் இப்னு முஆவியா என்பவரிடம் நாயகம் (ஸல்) ஆலோசனை கேட்டார்கள். இது பொந்துக்குள் இருக்கும் நரி, காத்திருந்தால் பிடிக்கலாம், விட்டுப் போனாலும் உங்களுக்குத் தீங்கில்லை என்ற கருத்தில் அவர் சொன்னதாக வரலாற்றில் வருகிறது. நாளை திரும்புவோம் என்று நாயகம் (ஸல்) அறிவித்ததும் ஸஹாபாக்களுக்கு மனம் ஒப்பவில்லை. வெற்றி பெறாமலா போவது என்று கேட்டார்கள். சரி, நாளை போரிடுங்கள் என்றார்கள். போனார்கள், காயப்பட்டார்கள். நாளை திரும்புவோம் என்று மறுபடி சொன்னபோது எல்லாருக்கும் மகிழ்ச்சி. நாயகம் (ஸல்) புன்னகைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது.

வெற்றியில்லாமல் திரும்புவது நம் மார்க்கத்தில் இழிவில்லை என்பதற்கு இதுவே போதும். ஆனால் நவ்ஃபலின் பேச்சில் ஒரு கணக்கு இருக்கிறது: விட்டுப் போனால் யாருக்குத் தீங்கு? 1989-ல் இந்தக் கேள்வியைக் கேட்டவர் எத்தனை பேர்?

கிளம்பும் அவசரத்தில், வீதியில் பிடித்துக்கொண்டு போன பையன்கள் கையிலெல்லாம் துப்பாக்கி கொடுத்து 'தமிழ் தேசிய இராணுவம்' ஒன்றை நிறுத்தினார்கள். படை போகப் போகப் புலிகள் அதைச் சிதறடித்தார்கள். செத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுதுகொண்டிருந்த 100-க்கும் மேற்பட்டவர்கள் ஸஃபில் நின்றபடியே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். தமிழ் பேசிய, தமிழிலேயே பயான் கேட்ட மக்கள் அவர்கள்.

படை அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டு மக்கள் விரும்பாத படை திரும்பியே ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் புறப்பட்ட விமானத்தைத் தொற்றிக்கொண்டு விழுந்தவர்களைப் பார்த்தீர்களே, அங்கும் தேதி இருந்தது, விடப்பட்டவர்களுக்கு ஏற்பாடு இல்லை.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது இதுதான்: கட்டளைக்குக் கப்பல் ஏறிய சிப்பாய்க்கும், கட்டளையிட்டவருக்கும் ஒரே விசாரணை இல்லை. ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் உள்ளதைப் பற்றியே கேட்கப்படுவார். அன்று சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அதில் சாமானிய சிப்பாயும் சேர்ந்து நனைந்தார்.

"இப்ப நான் என்ன செய்ய?" என்றார். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1990-ல் படகேறி வந்தவர்கள் பலர் இன்னும் தமிழகத்து முகாம்களில்தான். ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் ஒரு முகாமுக்குப் போகிறோம். வர விரும்புபவர்கள் லுஹர் தொழுதுவிட்டு பள்ளிவாசல் வாசலில் நில்லுங்கள்.

யா அல்லாஹ்! காத்தான்குடியில் ஸஜ்தாவில் விழுந்தவர்களை ஷஹீத்களாக ஏற்றுக்கொள்வாயாக. ஊர் திரும்பக் காத்திருப்பவர்களைத் திரும்பச் செய்வாயாக. ஆமீன்.