ஆசாரம் யாருக்காக?

சத்சங்கம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் தாய்மார்கள் சிலர் தயங்கித் தயங்கி அருகில் வருவார்கள். "சுவாமி, பையன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். அங்கே மடி, ஆசாரம் ஒன்றும் கிடையாதாமே! திரும்பி வரும்போது நம் பிள்ளையாக வருவானா?" என்பார்கள். பெற்ற வயிற்றின் கவலை அது. நின்றவாக்கில் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி அல்ல. இன்றைக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

டோக்கியோவின் கிழக்குப் பக்கம் நிஷி-கசாய் என்று ஒரு பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்குப் போன நம் நாட்டுக் குடும்பங்கள் ஏராளமாக வசிக்கும் இடம். அங்கே அன்பர்கள் இல்லத்தில் அடியேன் தங்கியிருந்திருக்கிறேன். அண்டை வீட்டு ஜப்பானியர்களின் அன்றாடத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் அப்போது கிடைத்தது.

அவர்கள் வீட்டு வாசலுக்குள் தரை ஒரு படி தாழ்ந்திருக்கும். செருப்பை அங்கே கழற்றி, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். கழிவறைக்கென்று தனிச் செருப்பு உண்டு. அது அந்த வாசலைத் தாண்டி வெளியே வராது. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் நாம் தலைமுழுகிவிட்டு உள்ளே போகிறோம். அவர்களில் பலர் வாசலிலேயே நின்று மேலே உப்புத் தூவிக்கொண்டு நுழைகிறார்கள். சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள், இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை அது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். பந்தியில் சாப்பிட்ட இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று நம் பாட்டி சொல்லிக்கொடுத்தாளே, துக்க வீட்டில் ஒரு பக்கம், மங்கல வீட்டில் ஒரு பக்கம் என்று, அதே கண்டிப்பு. இவர்களையா ஆசாரம் இல்லாதவர்கள் என்கிறோம்?

ஆனால் ஓரிடத்தில் நம்மவர்களுக்கு உடம்பே கூசிப்போகும். அது அவர்கள் குளிக்கும் முறை. வெந்நீர் நிரப்பிய தொட்டி ஒன்று. அந்த ஒரே நீரில் குடும்பம் முழுவதும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி அமர்வார்கள். ஒருவர் இறங்கிய நீரில் இன்னொருவரா என்று கேட்கத் தோன்றும். நடப்பதைப் பொறுமையாகக் கவனியுங்கள். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, ஒரு நுரை மிச்சமில்லாமல் அலசிய பிறகுதான் உள்ளே இறங்குகிறார்கள். அழுக்குப் போக்கும் இடமே அல்ல அந்தத் தொட்டி. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் முதல் குளியல் அவருக்கு. தனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வருவார்கள் என்ற நினைவோடு ஒவ்வொருவரும் இறங்குகிறார்கள். நாமோ நம் மேல் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று காக்கிறோம். அவர்கள் தம்மிடமிருந்து எதுவும் அடுத்தவர் மேல் படக் கூடாது என்று காக்கிறார்கள்.

இதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீட்டு என்ற பெயரால் எத்தனை பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம்! ஆசாரம் 'எனக்காக' மட்டும் என்று ஆனபோது அது கல்லாக இறுகிவிட்டது. நம் பிள்ளைகள் வெளிநாட்டில் இதை உணர்ந்து வந்தால் அது ஆசாரக் கேடு ஆகாது, அன்பர்களே. ஆசாரம் எதற்காக ஏற்பட்டதோ அந்த இடத்துக்கு அது திரும்பி வருகிறது என்றே அடியேன் நம்புகிறேன்.

அங்குள்ள பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் குழந்தைகளே துடைக்கிறார்கள். மதிய உணவை முறைவைத்துக் குழந்தைகளே பரிமாறுகிறார்கள், எல்லோருக்கும் கிடைத்த பிறகு ஒன்றாகக் கைகூப்பிவிட்டு உண்கிறார்கள். டோக்கியோ சுரங்க ரயிலில் 1995இல் விஷவாயுத் தாக்குதல் நடந்தது. அதற்குப் பின் பொது இடங்களில் பல குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் தங்கள் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கோயில் உழவாரத்தை நாம் பெரும் தொண்டாகப் போற்றுகிறோம். அந்த மனம் அங்கே தெருவில் நடமாடுவதைக் கண்டு அடியேன் நெகிழ்ந்தேன்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். தொல்லை தரக் கூடாது என்ற அந்த நல்லெண்ணமே சில நேரம் சுவராகி நிற்கிறது. காய்ச்சலில் படுத்த பிள்ளையின் கதவை அங்கே யாரும் தட்டுவதில்லை, தட்டினால் தொந்தரவாகுமே என்று. நம் தெருவில் கூப்பிடாமலே ரசம் சாதம் வந்துவிடும். அந்தத் தட்டும் பழக்கத்தை நம் பிள்ளைகள் விட்டுவிடக் கூடாது. அங்கேயும் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு அது தேவைப்படும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. காய்கறிச் சாறு என்று நினைத்து வாங்குவதிலும் மீன் வடிநீர் கலந்திருக்கும். ஆனால் அதே ஊரில் ஜென் மடங்களின் பழைய உணவு முறையில் மீன், மாமிசம் கிடையாது; பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட காரப் பொருளும் மதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று மட வாயிலில் கல்லிலேயே பொறித்து வைத்திருப்பார்கள்.

அங்கே பிப்ரவரி 8 வந்தால் தையல்காரர்களும் வீட்டுப் பெண்களும் ஒடிந்த ஊசிகளோடு கோயிலுக்குப் போகிறார்கள். டோக்கியோவின் அசாகுசா பகுதியில் சென்சோஜி என்ற பெரிய கோயிலில் இது விசேஷம். மெத்தென்ற டோஃபு கட்டியில் அந்த ஊசிகளைச் செருகி வழிபடுகிறார்கள். ஆண்டெல்லாம் கெட்டித் துணியில் குத்திக் குத்தி உழைத்த ஊசிக்குக் கடைசியாக ஒரு மெல்லிய படுக்கை! நாம் ஆயுத பூஜையில் உழைக்கும் கருவிக்குப் பொட்டு வைக்கிறோம். அவர்கள் உழைத்து ஒடிந்த கருவிக்கு நன்றி சொல்கிறார்கள். ஒடிந்ததற்கும் ஒரு பூஜை என்பது நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பாடம்.

அந்நிய தேசத்தில் வாழ்வது இன்று நேற்றைய கதையும் அல்ல. போதிசேனர் என்ற இந்தியத் துறவி 736இல் ஜப்பான் போனார். நாரா நகரில் 752இல் பெரிய புத்தர் திருமேனிக்குக் கண் திறக்கும் சடங்கு. அரச குடும்பமே திரண்டிருந்த அந்தச் சபையில் தூரிகையைப் பிடித்தவர் இந்த அயல்நாட்டார்தான். தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டியிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் அந்தக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் தாங்களும் சேர்ந்தார்கள். போதிசேனர் 760இல் அந்த மண்ணிலேயே காலமானார். அவர் ஊருக்குத் திரும்பவில்லை. தன்னை இழந்துவிடவும் இல்லை.

ஆகையால் தாய்மார்களே, பிள்ளையிடம் போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்ட கையோடு, பக்கத்து வீட்டில் என்ன பண்டிகை என்றும் கேளுங்கள். நரிதா விமான நிலையத்துக்கு அருகிலேயே ஷின்ஷோஜி கோயில் இருக்கிறது; அங்கே அன்றாடம் ஹோமம் நடக்கிறது, போய் வரச் சொல்லுங்கள். சுமிதா ஆற்றங்கரையில், அசாகுசாவுக்குச் சற்று வடக்கே, மட்சுச்சியாமா என்ற சிறு குன்றின் மேல் நம் பிள்ளையாரே எழுந்தருளியிருக்கிறார். அங்கே அவருக்குப் பெயர் ஷோடென். வாசலில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு வாய் என்று கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நம் ஊரில் அரசமரத்தடியெல்லாம் அவர்தான். அங்கே மூர்த்தியைத் திரைக்குப் பின்னே மறைத்தே வைத்திருப்பார்கள், தரிசனம் கிடையாது. அதற்காக வருந்த வேண்டாம். கைகூப்பி நின்றால் போதும். தேங்காயைத் தேடி அலைய வேண்டாம். அங்கே அவருக்கு நைவேத்தியம் பெரிய வெள்ளை முள்ளங்கி. ஜனவரி 7 அன்று போனால் அந்த முள்ளங்கியை வேகவைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். வரிசையில் நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.