தாங்குவதும் தாண்டுவதும்

வலியைத் தாங்கிக்கொள்வது உயர்ந்த பண்பு என்றுதான் நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது ஒரு தம்ளர் காப்பி.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில், மணிமுத்தாற்றின் கரையில், என் அக்கா இருக்கிறாள். வயது எழுபத்தொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நான் போய் இறங்கியபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "வாடா தம்பி" என்று எழுந்தாள். எழுந்தாள் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். இடது கையைச் சுவரில் ஊன்றி, வலது கையால் முழங்காலை அழுத்தி, கண்ணை மூடி, 'முருகா' என்று பெருமூச்சு விட்டு, பாதி எழுந்து, சற்று நின்று, பிறகு மீதியும் எழுந்தாள். தம்பி வந்துவிட்டான், காப்பி போட வேண்டும்; அதற்காகத்தான் அவ்வளவும்.

காப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொண்டையில் இறங்க மறுத்தது. பத்து ஆண்டுகளாக அந்த வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன். அது என்ன பாடுபட்டு என் கைக்கு வருகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

இதைவிட வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. என் நாவல் ஒன்றில் வரும் தாய்க்கு அக்காவைத்தான் மாதிரியாக வைத்திருந்தேன். 'பொறுமையின் வடிவம்' என்று வருணித்திருந்தேன். பாராட்டிக் கடிதங்களும் வந்தன. பிறர் வலியை அழகாக எழுதிப் பெயர் வாங்குவது எளிது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பதுதான் கடினம்.

முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மாத்திரை, தைலம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இனி மூட்டையே மாற்றிவிடலாம் என்பது அவருடைய முடிவு. அக்கா ஒப்பவில்லை.

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்? இன்னும் நாலு நாள் இருக்கப்போறேன். இப்படியே தள்ளிட்டுப் போறேன்."

"இந்த நாலு நாளைத்தான் பத்து வருஷமாச் சொல்றே, அக்கா."

சிரித்தாள். பிறகு காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். செலவு என்றாள். 2017 ஆகஸ்டில் அரசு செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை விதித்ததையும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுவந்த வகை 55 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதையும் சொன்னேன். வயது என்றாள். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே, எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், 2000-இல் ஒரு முழங்காலையும் 2001-இல் மற்றதையும் மாற்றிக்கொண்டதைச் சொன்னேன். மும்பையில் அவருக்குச் சிகிச்சை செய்த சித்தரஞ்சன் ரணாவத், மத்தியப் பிரதேசத்துச் சிற்றூரில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்றவர். இன்றைய செயற்கை முழங்காலுக்கு முன்னோடியான ஒன்றை 1974-இல் அங்கே உருவாக்கியவர்களுள் ஒருவர் என்றும் சொன்னேன்.

"அவரு நாட்டை ஆள வேண்டியவரு. நான் எந்த நாட்டை ஆளப்போறேன்?" என்று ஒரே வீச்சில் என் வாதத்தை வெட்டிவிட்டாள்.

உண்மையான காரணம் இரவு விளக்கணைத்த பிறகுதான் வந்தது. "படுத்துட்டா யாராவது என்னைக் கழிவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். குளிப்பாட்டி விடணும். மருமக வேலைக்குப் போறவ. இத்தனை வயசுக்கு நான் யாரையும் ஒரு தம்ளர் தண்ணி கேட்டதில்லைடா, தம்பி."

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா கத்திக்கு அஞ்சவில்லை. பிறர் கையை எதிர்பார்ப்பதற்கே அஞ்சினாள். பிறருக்குச் செய்தே பழகிய கை, பிறரிடம் பெறுவதற்கு நீள மறுக்கிறது. இதைத் தியாகம் என்பதா, தன்மானம் என்பதா, அல்லது நமக்கே தெரியாமல் உள்ளே வளர்ந்துவிட்ட ஒருவகை அகந்தை என்பதா?

தாங்குவதில் இரண்டு வகை உண்டு. மாற்ற முடியாததைத் தாங்குவது ஒன்று. மாற்றக்கூடியதை, மாற்ற அஞ்சித் தாங்குவது மற்றொன்று. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம்தான். முதலாவதை வணங்கலாம். இதயக் கோளாற்றாலோ வேறு நோயாலோ அறுவைக்கு வழியில்லாமல் வலியோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு முன் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இரண்டாவதையும் நாம் சேர்த்துப் புகழ்ந்துவிடுகிறோமே, ஏன்? அந்தப் புகழ்ச்சியால் நமக்கு ஆதாயம் இருக்கிறது. அம்மா பொறுத்துக்கொள்கிற வரையில் நமக்கு நேரத்துக்குக் காப்பி கிடைக்கிறது.

காலையில் அவளிடம் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தேன். மருத்துவத்துக்கு அவர் நான்கு கூறுகள் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக, பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவர். "பக்கத்துல நிக்கிறவங்களும் மருந்துலே சேர்த்திதான், அக்கா. அந்தக் கால் பங்கை வேண்டாம்னு தள்ளினா மீதி முக்கால் எப்படி வேலை செய்யும்?"

அவள் பதில் சொல்லவில்லை. கதவோரம் நின்ற மருமகள்தான் சொன்னாள்: "எனக்குப் பிரசவமானப்போ நாப்பது நாள் நீங்க செஞ்சீங்களே அத்தை. அதை நான் எப்போ திருப்பித் தர்றது?" என் திருக்குறளைவிட அந்தக் கேள்விக்கு எடை அதிகம். அக்கா சரி என்றாள்.

அதன்பின் ஒரு மாதம் வீடே தயாராயிற்று. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். பல்லிலோ சிறுநீரிலோ தோலிலோ உள்ள கிருமி இரத்தத்தின் வழியே புதிய மூட்டில் போய்க் குடியேறிவிடலாம் அல்லவா? தொடைத் தசைக்கு வலுவேற்றும் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கினார்கள். வழுக்கும் கால்மிதிகள் போயின. கழிவறைக்கு உட்காரும் பீடமும் கைப்பிடியும் வந்தன. கட்டிலை உயர்த்தி, இரவு விளக்குப் போட்டார்கள். சாமான்கள் இடம் மாறியது பெரிதல்ல. "இதை எடுத்துக் குடும்மா" என்று கேட்க அக்கா அந்த மாதத்தில் பழகினாள். அதுதான் பெரிய தயாரிப்பு.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கி, உலோகக் கவசம் பொருத்தி, நடுவில் வழவழப்பான பிளாஸ்டிக்கை வைக்கிறார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்துவிட்டார்கள். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான். காலை மடக்க வேண்டும். நாற்பது பாகை, எழுபது பாகை, தொண்ணூறு பாகை. இயன்முறை மருத்துவர் மடக்கும்போது அக்கா பல்லைக் கடித்தாள். ஒருநாள் அழுதும் விட்டாள். "பழைய வலியே தேவலாம்" என்றாள்.

ஆனால் பழைய வலி வேறு, இது வேறு. பழையது அவளைத் தேடி வந்து, நாளுக்கு நாள் அவள் உலகத்தைச் சுருக்கியது; முதலில் ஆற்றங்கரை போயிற்று, பிறகு கோயில், பிறகு கடைத்தெரு. புதியது அவளே தேடிப்போய்ச் சந்தித்த வலி. ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை உலகத்தைத் திருப்பித் தந்தது. முன்னதைத் தாங்கினாள், பின்னதைத் தாண்டினாள்.

இதற்கும் பொறுமை வேண்டும். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். மறைந்த அத்தான் அங்கே சூளையில் வேலை பார்த்தவர். "நெருப்பை அணைச்சதும் கதவைத் திறந்தா சாமான் வெடிச்சுடும். சூடேத்த ஒரு பங்கு பொறுமை, ஆறவிட ரெண்டு பங்கு" என்பார். ஆறு வாரத்தில் கைத்தடி. மூன்றாம் மாதத்தில் தெருக்கோடி. முழுத் தெம்பு வர ஓராண்டு ஆயிற்று. கைகட்டி உட்கார்ந்திருக்கும் பொறுமை அல்ல இது. வேலை செய்யும் பொறுமை.

எல்லாம் திரும்பிவிட்டது என்று கதைக்காரனைப் போல முடித்துவிட மாட்டேன். அக்காவால் இனித் தரையில் சம்மணமிட முடியாது. குந்தி உட்கார்ந்து கோலம் போட முடியாது. நாற்காலியில் இருந்தபடி புள்ளி எண்ணிச் சொல்கிறாள், மருமகள் போடுகிறாள். இந்தச் சிகிச்சையில் எல்லாருக்குமே முழு நிம்மதி கிடைத்துவிடுவதும் இல்லை. வேண்டுமா வேண்டாமா என்பதை வலிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றே: பொறுமை என்ற பட்டத்தைக் கொடுத்து அவர் வாயை அடைக்காமல் இருப்பது.

சென்ற மாதம் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கு அவளோடு போயிருந்தேன். அங்கே அம்மன் விருத்தாம்பிகை. பாலாம்பிகை என்றும் ஒரு சந்நிதி உண்டு. குரு நமசிவாயர் பசியோடு வந்து அம்மையைக் கிழவி என்று பாடினார். கிழவியால் சோறு சுமந்து வர முடியுமா என்று கேட்டாள் அம்மை. அவர் இளையவளாக மாற்றிப் பாட, பெண்ணாக வந்து அமுது படைத்தாள் என்பது தலக்கதை. கொடிமரத்தருகே நின்று அக்கா சொன்னாள்: "இந்தக் கதையிலே எல்லாரும் சாமியாரோட பசியைத்தான் பாத்தாங்க. கிழவிக்குக் கால் வலிக்குமேன்னு யாராவது நினைச்சாங்களா?"

வீடு திரும்பினோம். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கூச்சமே இல்லாமல் சொன்னாள்: "தம்பி, காப்பி போடுடா."

போட்டேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது. அதையும் பொறுத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டாள்.